எதனால் என்று கேட்பவர்

துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, செத்தவரின் மகன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பார்கள். அதுதான் சங்கரன்கோவில் வழக்கம். எங்கள் அண்ணாச்சியும் கையைப் பிடிப்பார். சும்மா நிற்கத்தான் அவருக்கு வராது.

"எதுனால?" என்று கேட்பார்.

"அட்டாக்கு அண்ணாச்சி."

"அட்டாக்கு சரி. எதுனால அட்டாக்கு?"

மகன் முழிப்பான். அண்ணாச்சி விடமாட்டார். ராத்திரி என்ன சாப்பாடு, பீடி உண்டுமா, சொத்துத் தகராறு எதுவும் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு காரணம் கையில் சிக்கிய பிறகுதான் நாற்காலியில் உட்காருவார். சிக்கிவிட்டால் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். "உப்பு வே. கருவாடு இல்லாம சோறு இறங்காதாம். பெறவு எப்படி?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிப்பார். அவர் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் உள்ளே நழுவிய மகன்களை நானே பார்த்திருக்கிறேன்.

பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தார். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கும் பிச்சியையும் மல்லியையும் ஏலம் விடுவது தொழில். அவர் விலை கூவினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்பார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ஆனால் எதிர்வரிசையில் இருக்கும் என் மெடிக்கல் வரைக்கும் நன்றாகக் கேட்கும். ஏலம் முடிந்ததும் தோளில் ஒட்டிய பூவைத் தட்டிவிட்டுக்கொண்டு என் கவுண்டருக்கு வந்துவிடுவார். என்னிடம் மாத்திரை வாங்க வருகிறவர்கள் முதலில் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"வயித்துல கேஸு, ஒரு மாத்திரை குடுங்க" என்று ஒரு அம்மா கேட்பாள்.

"எதுனால கேஸு?" என்பார் இவர்.

"ராத்திரி புரோட்டா திங்கச் சொல்லி பிள்ளைக படுத்திட்டுக."

"அப்ப புரோட்டாவ விடு. மாத்திரை எதுக்கு?"

அந்த அம்மாவும் யோசித்துவிட்டு, பையை மூடிக்கொண்டு போய்விடுவாள்.

"அண்ணாச்சி, நான் கடை நடத்தவா வேண்டாமா?" என்று நான் சத்தம் போட்டால், "நீரு கடைய நடத்தும் வே. நான் காரணத்தத்தான சொல்லுதேன்" என்பார். எனக்குப் பல நாள் எரிச்சலாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் அவர் வராத காலையில் கவுண்டர் வெறிச்சென்று இருக்கும்.

அவரிடம் இருந்த காரணங்களில் மூத்தது குடி. ஊரில் விழுந்த பாதிச் சாவுகளுக்கு அவர் குடியைத்தான் காரணமாகச் சொன்னார். அவர் ஒரு சொட்டு தொட்டவர் இல்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் வாடை வந்தால், சாம்பார் ஊற்றிய இலையை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். மூட்டை தூக்க வந்தவன் முந்தின நாள் குடித்த வாடையோடு வந்தால் அன்றைக்கு அவனுக்கு வேலை கிடையாது. "ஊதுலே" என்பார். ஊதியவனைத் திருப்பி அனுப்பிவிடுவார். மார்க்கெட்டில் அவரைப் பிடிக்காதவர்கள் இருந்தார்கள் என்றால் பெரும்பாலும் இதனால்தான்.

அந்த மனிதருக்கு முதலில் நாக்குத்தான் இடறியது. ஏலம் கூவும்போது விலை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. முதலில் வியாபாரிகள் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவன் வாய்விட்டே சொல்லிவிட்டான்: "என்ன அண்ணாச்சி, காலையிலேயே ஆரம்பிச்சாச்சா?"

அவருக்கு வந்த கோபத்தில் பேச்சு இன்னும் குழறியது. அது அவர்களுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

இதெல்லாம் போதாதென்று ஒரு துக்க வீட்டில் சிரித்துவிட்டார். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் இறந்திருந்தார். நானும் கூடப் போயிருந்தேன். மகன் கையைப் பிடித்து, "எதுனால?" என்று கேட்க வாயைத் திறந்தார். சிரிப்பு வந்தது. லேசான சிரிப்பில்லை, வயிறு குலுங்க, கண்ணில் நீர் வழிய, நிறுத்த முடியாத சிரிப்பு. அவர் கண்கள் மட்டும் பயந்துபோய் என்னைப் பார்த்தன. நான் அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் அந்தச் சிரிப்பே அழுகையாக மாறியது. அதையும் அவரால் நிறுத்த முடியவில்லை. மூளையிலிருந்து முகத்துக்கு வரும் நரம்பின் கடிவாளம் அறுந்துபோனால் இப்படி ஆகும், மனசுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று பிறகு டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஊருக்கு அந்த டாக்டர் இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் அண்ணாச்சி குடிகாரர் ஆகிவிட்டார்.

மதினி மட்டும் விடவில்லை. அவர் மனைவியைச் சொல்கிறேன். காய்கறிக்காரி முதல் கோயில் வாசல் பூக்காரி வரை, யார் ஜாடையாகப் பேசினாலும் நின்று சண்டை போட்டாள். "எம் புருசன் வாயில கலர் சோடா தவிர வேற பாட்டில் பட்டது கிடையாது. சொன்னவன எம் முன்னால வந்து சொல்லச் சொல்லு" என்று நடுத்தெருவில் கத்தியதை நான் கடையிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

அடுத்தது கை. ஒரு நாள் கவுண்டரில் மாத்திரை அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை அமுக்கி எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. வலது கையை வாங்கிப் பார்த்தேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மேடாக இருக்க வேண்டிய சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. சட்டையைச் சுருட்டிக் காட்டினார். மேல்கையில் தோலுக்கு அடியில் சதை தானாகத் துடித்துத் துடித்து ஓடியது. பார்த்தால் உள்ளே ஏதோ ஊர்கிற மாதிரிதான் இருந்தது.

எங்கள் ஊரில் தோலுக்கடியில் ஏதாவது ஊர்ந்தால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் புற்று மண்தான். கோமதியம்மன் கோயில் புற்று மண்ணைக் குழைத்துக் கையில் பூசினாள் மதினி. பாம்பும் தேளும் பொறித்த தகடு வாங்கி உண்டியலில் போட்டாள். அண்ணாச்சி எப்போதோ மல்லிக் கொடியில் கிடந்த சாரைப் பாம்பை அடித்திருக்கிறாராம். "அதான் வே காரணம்" என்று என்னிடம் குழறலாகச் சொன்னபோது அவர் முகத்தில் பழைய தெளிச்சி வந்திருந்தது. காரணம் கிடைத்த திருப்தியில் கொஞ்ச நாள் நன்றாகத் தூங்கினார். மண் பூசிய இடத்திலேயே சதை மறுபடி துடித்தது.

தண்ணீர் குடித்தால் புரையேற ஆரம்பித்ததும் நான்தான் வற்புறுத்தி அவரையும் மதினியையும் மதுரைக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், நரம்பில் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள், சதையில் ஊசி குத்திப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து டாக்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார். பொறுமையான மனிதர். உடம்பு அசைவதற்கு மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் சதைக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்பணுக்கள் உண்டு, அவை ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, உத்தரவு வராத சதை வற்றிப்போகும் என்றார். மோட்டார் நியூரான் நோய் என்று பெயர். பேச்சு, கை, கால், கழுத்து, விழுங்குவது என்று போய் கடைசியில் மூச்சுக்கு வரும். பெரும்பாலும் பார்வை கெடாது, தொடுவது தெரியும், அறிவு தெளிவாக இருக்கும். கொஞ்சம் தள்ளிப்போட மாத்திரை உண்டு, நிறுத்த மருந்து இல்லை.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார். "எதுனால?"

"தெரியாது ஐயா" என்றார் டாக்டர்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். 'இவன் என்ன படித்தான்' என்கிற பார்வை.

டாக்டர் விளக்கினார். வயசு ஏற ஏற வர வாய்ப்பு கூடும். ஆண்களுக்குக் கொஞ்சம் அதிகம். புகை பிடிப்பதைச் சொல்கிறார்கள், பூச்சிமருந்து, ஈயம் மாதிரி விஷயங்களின் மேல் சந்தேகம் இருக்கிறது. சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இதனால்தான் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது.

"பூ... மருந்து?" என்றார் இவர். காலமெல்லாம் மருந்தடித்த பூவில் கையை விட்டவர்.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்களுக்கு அதுதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது."

நான் அறிந்து முதல் தடவையாக அண்ணாச்சி அந்தக் கேள்வியை அத்தோடு விட்டார். வேறொன்று கேட்டார். வார்த்தை வரவில்லை, மதினிதான் எடுத்துச் சொன்னாள். "எங்க மக கோமதிக்கு வந்துருமான்னு கேக்காக."

"குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லையே? அப்படின்னா பெரும்பாலும் வராது" என்றார் டாக்டர். நல்ல பதில்தான். உண்மையான பதிலும்கூட. ஆனால் அந்தப் 'பெரும்பாலும்' எங்களோடு காரில் ஏறிக்கொண்டு ஊர் வரைக்கும் வந்தது.

அதற்குப் பிறகு ஊரே அவருக்குக் காரணம் சொல்ல வந்தது. தன் மருந்தைத் தானே குடிக்கிற நிலைமை. ராத்திரி தயிர் சாப்பிட்டதால் என்றார் ஒருவர். பந்தியில் இலையைப் பாதியில் விட்டு எழுந்த பாவம் என்றார் இன்னொருவர். எதிர்க்கடைக்காரன் செய்வினை வைத்ததாக ஒரு கட்சி. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பழைய மனிதராக இருந்தால் ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்து ஓட ஓட விரட்டியிருப்பார்.

விளையாட்டில்லாத காரணம் ஒன்று வந்தது. கோமதிக்குத் தென்காசியில் ஒரு நகைக்கடன் ஆபீசில் வேலை. ராயகிரிப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்து, முடிகிற மாதிரி இருந்தது. திடீரென்று ஜாதகம் சேரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் விஷயம் வெளிவந்தது. அண்ணாச்சியின் அத்தை ஒருத்தி காலை இழுத்து நடப்பாளாம். அண்ணாச்சிக்குக் கை விளங்கவில்லை, அத்தைக்குக் கால் விளங்கவில்லை, ஆக இது குடும்ப வியாதி. அந்த அத்தைக்குச் சின்ன வயசில் வந்தது போலியோ. யாரிடம் போய்ச் சொல்வது? அண்ணாச்சி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. தனக்கு வந்ததற்குக்கூட அவர் இப்படி உடையவில்லை.

அடுத்துப் புளியங்குடியிலிருந்து வந்தார்கள். எலுமிச்சை வியாபாரம் செய்கிற குடும்பம். பையன் நல்ல மாதிரி. பெண் பார்க்க வந்த அன்று, மருத்துவ விஷயம் பேச ஒரு ஆள் இருக்கட்டும் என்று மதினி என்னைக் கூப்பிட்டிருந்தாள். நானும் டாக்டர் சொன்னதையெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிருந்தேன்.

பையனின் பெரியப்பா கேசரியை ஒதுக்கி வைத்துவிட்டு ஆரம்பித்தார். "தப்பா நெனைக்கப்படாது. அண்ணாச்சிக்கு ஒடம்புக்கு என்ன செய்து?"

"நரம்புல கொஞ்சம் கோளாறு" என்றாள் மதினி.

"எதுனால?"

அதே கேள்வி, அதே தொனி. "காரணம் இதுதான்னு சொல்ல முடியாதுங்க" என்றேன்.

"காரணம் இல்லாம வருமா? கூடப்பொறந்தவுக யாருக்கும் உண்டுமா? பரம்பரையா வாரதா?"

"பெரும்பாலும் பரம்பரையா வராது..."

"பெரும்பாலும்னா? அப்பச் சில பேருக்கு வரும்லா?"

நான் சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லச் சொல்ல அந்த மனிதர் முகம் இறுகிக்கொண்டே போனது. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். இனி எழுந்துவிடுவார், போய் ஜாதகத்தைத் திருப்பி அனுப்புவார். அண்ணாச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். துக்க வீடுகளில் காரணம் சிக்கும்வரை தான் உட்காராமல் நின்றது அவருக்குத் தெரியாதா?

அப்போது அண்ணாச்சி இடது கையைத் தூக்கினார். அந்தக் கையில்தான் கொஞ்சம் உயிர் இருந்தது. விரல்களை மடக்கி, கட்டை விரலை வாய்க்கு நேராக வைத்து, தலையைப் பின்னால் சாய்த்தார். சாய்ந்த தலையை அவரால் திரும்ப நிமிர்த்த முடியவில்லை, மதினி பிடித்து நிமிர்த்திவிட்டாள். அவர் மறுபடியும் அதையே செய்தார். பிறகு பெரும்பாடுபட்டுச் சொன்னார். "கு... டி."

பெரியப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"குடியா! அட, அத மொதல்லயே சொல்லப்படாதா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டம்லா. எங்க சின்னவனுக்கும் இப்படித்தான் கை நடுங்கும். இப்ப விட்டாச்சுல்லா அண்ணாச்சி?"

அண்ணாச்சி தலையை ஆட்டினார். பெரியப்பா கேசரியை எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு கோமதி உள்ளறையிலிருந்து வந்தாள். "எப்பப்பா குடிச்சீக? எங்கன வச்சுக் குடிச்சீக? நான் அவுகளுக்குப் போன் போட்டு உண்மையச் சொல்லிருதேன்" என்று அழுதாள்.

மதினிக்கு அழுகை வரவில்லை. "ஊரு பூரா சொன்னப்ப நான் ஒருத்திதான இல்ல இல்லன்னு சண்டை போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். இனி எம் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி என் போனைக் கேட்டு வாங்கி, இடது கை விரல் முட்டியால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். நான்தான் வாசித்தேன். 'காரணம் கிடைக்காம அந்த ஆளுக்கு மனசு அடங்காது. எனக்குத் தெரியும்.' கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி தட்டினார். 'கோமதி வாயைத் திறந்தா நான் அதோட சாப்பாட்டை விட்டிருவேன்.' ஒரு கரண்டி கஞ்சி உள்ளே போவதற்கே பாதி நாள் ஆகிற நேரம் அது. கோமதி போனை வாங்கித் தானும் ஒரு தடவை வாசித்தாள். வாயைத் திறக்கவில்லை.

புளியங்குடிக்காரர்கள் மார்க்கெட்டில் வந்து விசாரித்திருக்கிறார்கள். அங்கே சாட்சிக்கா பஞ்சம்? "ஆமா, காலையிலயே ஊத்துவாரு" என்றார்களாம். "ஊதுலே" என்று திருப்பி அனுப்பப்பட்ட சுமைகாரன் ஒருவன் கூடவே நடந்து போய் பஸ் ஏற்றிவிடும்வரை சொல்லியிருக்கிறான். ஆனியில் கல்யாணம் நடந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடி தாரை வார்த்துக் கொடுத்தார், கையை நான் பிடித்துக்கொண்டேன்.

மருமகன் தங்கமான பையன். வாரம் தவறாமல் வந்து மாமனாரைத் தூக்கிக் குளிப்பாட்டுவான். வயிற்றில் குழாய் வைத்துச் சத்துமாவுக் கரைசல் ஊற்ற ஆரம்பித்த பிறகு ஒரு நாள் காதருகில் குனிந்து சொன்னான். "மாமா, வெக்கப்படாதீக. ரொம்ப ஆசையா இருந்தாச் சொல்லுங்க, டாக்டர்கிட்டக் கேட்டு ஒரு சொட்டு நாக்குல வைக்கேன்." அண்ணாச்சி சிரித்தார். வெகு நேரம் சிரித்தார். அது நோயின் சிரிப்பா அவருடைய சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் கழுத்து நிற்கவில்லை, கால்கள் விறைத்துவிட்டன, கண்கள் மட்டும் யார் வந்தாலும் கேள்வி கேட்டன.

மூச்சு அடங்கி அவர் போன அன்று ஊர் திரண்டு வந்தது. மருமகன் கையைப் பிடித்துவிட்டு எல்லாரும் சும்மா நின்றார்கள். எதனால் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கோமதி இப்போதும் ஊருக்கு வந்தால் கடைக்கு வருவாள். பேசிக்கொண்டே இருக்கும்போது என் கண் அவளுடைய கட்டை விரல் பக்கம் ஒரு தடவை போய்விட்டுத் திரும்பும். அவளுக்கும் அது தெரியும். இதுவரை ஒன்றும் இல்லை.

அவர் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்து கறிப்படையல் வைத்தார்கள். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும். பிரியாணி, சுக்கா, அவர் விரும்பிக் குடிக்கும் கலர் எல்லாம் வைத்தாயிற்று. மருமகன் பேப்பரில் சுற்றிய ஒரு பாட்டிலோடு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "மாமாவுக்கு எது பிடிக்கும்னு தெரியல. நல்லதாவே வாங்கிட்டேன். அத்தைகிட்டக் குடுத்தாச் சங்கடப்படுவாகளா?"

நான் பதில் யோசிப்பதற்குள் மதினி வந்துவிட்டாள். பாட்டிலைப் பார்த்தாள். கோமதி சுவரோடு சாய்ந்து தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் நாலு மாசம்.

"குடுங்க மாப்ள" என்று மதினி வாங்கினாள். மூடி திறக்கத் தெரியவில்லை, மருமகன்தான் திருகிக் கொடுத்தான். அவரது எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி இலையோரம் வைத்தாள். சூடம் காட்டினார்கள். செத்தவர் வந்து சாப்பிட வேண்டும் என்பதற்காகக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம்.

கதவைத் திறந்ததும் மருமகனின் பெரியப்பாதான் முதலில் உள்ளே போனார். குனிந்து டம்ளரைப் பார்த்தார். "ஏ, இங்கன பாருங்க, கொஞ்சம் குறைஞ்சிருக்கு!" என்றார். எல்லாரும் மதினியைப் பார்த்தார்கள்.

அவள் டம்ளரைக் கையில் எடுத்து உள்ளே பார்த்தாள்.

"ஆமா, குறைஞ்சிருக்கு" என்றாள். "குடிச்சிருக்காக."